ஒல்லியானவர்களையும் சோதியுங்கள்: எங்கள் கிளினிக்கை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிக் கிளினிக்கைப் பொறுப்பாக நடத்தும் வைத்திய அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து முடிவெடுப்பவர்களுக்கும்,

சீனி, பிறஷர் கிளினிக் நடக்கும் மண்டபத்தில், நம்பர் துண்டு கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI) 25க்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டுமே இனிக் கொலஸ்ட்ரோல் பரிசோதனை எழுதிக் கொடுக்கப்படும், மற்றவர்கள் விரும்பினால் வெளியில் காசு கட்டிச் செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. இந்த முடிவை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வாயால் கேட்டுப் பார்த்தாயிற்று. "மேலிடத்து முடிவு" என்ற பதிலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. சரி, மேலிடமும் வாசிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தில் பொருள் தட்டுப்பாடு என்கிறீர்கள். இருக்கலாம். 2022இல் நாடு டொலர் இல்லாமல் நின்றபோது மருந்துத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாமசி பாமசியாக அலைந்தவர்கள்தான் நாங்கள். இருப்பதைப் பங்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் எதைப் பார்த்துப் பங்கிடுகிறீர்கள்? தராசைப் பார்த்து. உடம்பு பெருத்தவருக்குத்தான் இரத்தத்தில் கொழுப்பு, ஒல்லியானவருக்கு அந்தக் கவலை இல்லை என்ற நினைப்பில். அந்த நினைப்பு எங்கள் வீட்டில் ஒரு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

என் தம்பி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்கும் வயலிலேயே நிற்கிற உடம்பு, கை கால் எல்லாம் எலும்பும் நரம்பும்தான். வயிறு மட்டும் சாரத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளி நிற்கும், அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. சாராயம் தொடமாட்டார். சீனி வருத்தம் வந்து சில வருடங்கள். கிளினிக் கொப்பியில் உடற்திணிவுச் சுட்டி 22.6 என்று எழுதி, பக்கத்தில் 'நல்லம்' என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. இரத்தத்தில் கொழுப்புப் பார்க்க எழுதித் தாருங்கள் என்று அவர் கேட்டபோது, "ஒல்லியாத்தானே இரிக்கிங்க, உங்களுக்கு எதுக்குக் கொலஸ்ட்ரோல்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொன்ன தாதி மிஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருப்பதைத்தான் அவர் வாயால் சொன்னார்.

அறுவடை முடிந்த கையோடு ஒரு இரவு அவருக்கு மேல்வயிற்றில் நோவு தொடங்கியது. முதுகுக்குப் பாய்கிற நோவு, முன்னுக்குக் குனிந்தால் சற்றே குறைகிற நோவு, கூடவே விடாத வாந்தி. வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சதையி (கணையம்) அழன்றிருக்கிறது என்றார்கள். அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளை என்னிடம் படித்தவள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தம்பியிடம் எடுத்த இரத்தம் சிறிய குழாயில், தாங்கியில் நின்றது. அடியில் சிவப்பு உறைந்து கிடந்தது. அதற்கு மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், தேங்காயின் முதற்பாலைப் பிழிந்து ஊற்றிவைத்தது போல வெள்ளை வெளேரென்று நின்றது. அவள் குழாயைச் சரித்தபோது அது கண்ணாடியில் படிந்து ஆறுதலாக வழிந்தது. "சேர், இது முழுக்கக் கொழுப்பு" என்றாள். ரிப்போட்டில் ட்ரைகிளிசரைட் (கொலஸ்ட்ரோல் சோதனையோடு சேர்த்துப் பார்க்கும் இரத்தக் கொழுப்பு) 1,900க்கு மேலே. டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய விடயம் அது. 500ஐத் தாண்டினாலே பயப்பட வேண்டும், 1,000ஐத் தாண்டினால் சதையிக்கு எந்த நேரமும் ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாயால் ஒன்றும் கொடுக்காமல் சேலைனில் போட்டு, இன்சுலின் ஏற்றி, தம்பியைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த வைத்தியர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் குழாயில் நின்ற வெள்ளை ஒரு இரவில் சேர்ந்தது அல்ல. மாதக்கணக்காக அவர் உடம்புக்குள் ஓடியிருக்கிறது. அதைக் காட்டியிருக்கக்கூடிய ஒரேயொரு சோதனையை, தராசு முள்ளைப் பார்த்து அவருக்கு இல்லை என்றீர்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பித்தம் கொழுப்பைச் சிறு துளிகளாக்கும், சதையியிலிருந்து வரும் இலிப்பேசு என்ற நொதியம் அதைக் கொழுப்பமிலமும் கிளிசரோலுமாக உடைக்கும், குடற்சுவரின் சடைமுளைகள் உறிஞ்சும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். சாதாரண தரப் பாடம் அந்த இடத்தில் முடிந்துவிடும். உங்கள் அறிவித்தலை எழுதியவரும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். கதை தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுகமாக இருக்கிற மனிதரின் குடல், சாப்பிட்ட கொழுப்பில் 95 சதவீதம் அளவை உறிஞ்சிவிடும். ஆள் ஒல்லியா, பருமனா என்பதால் இதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. "அவருக்கு என்ன திண்டாலும் ஒட்டாது" என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்லலாம், கிளினிக் அதை நம்பித் தீர்மானம் எடுக்கக் கூடாது.

உறிஞ்சப்பட்ட கொழுப்பு குடற்சுவரின் கலங்களுக்குள் மறுபடி ட்ரைகிளிசரைட்டாகக் கட்டப்படுகிறது. அதைச் சுற்றிப் புரதமும் கொலஸ்ட்ரோலும் சேர்ந்து கைலோமைக்ரோன் என்ற நுண்துணிக்கைகள் ஆகின்றன. சீனியும் அமினோ அமிலமும் குடலிலிருந்து முதலில் ஈரலுக்குத்தான் போகும். இந்தத் துணிக்கைகள் அப்படிப் போவதில்லை. நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சைக் கடந்து, கழுத்தடியில் இரத்தத்தோடு கலந்து, முதலில் உடம்பு முழுவதும் சுற்றுகின்றன. தசையிலும் கொழுப்பிழையத்திலும் உள்ள மயிர்க்குழாய்ச் சுவர்களில் இன்னொரு இலிப்பேசு நின்று அவற்றை உடைத்து உள்ளே எடுக்கும். தசை எரிக்கும், கொழுப்பிழையம் சேமிக்கும், மிச்சத் துணுக்கை ஈரல் எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டு மூன்று நான்கு மணித்தியாலத்தில் இரத்தத்துக் கொழுப்பு உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கிவிட வேண்டும்.

ஆளுக்கு ஆள் வேறுபடுவது இந்த இறக்கத்தில்தான். இன்சுலின் சொன்னதைக் கேட்காத உடம்பில், கொழுப்பிழையம் வந்த கொழுப்பை ஒழுங்காக உள்ளே எடுப்பதில்லை. எடுக்காததோடு, வைத்திருக்கும் கொழுப்பமிலத்தையும் சாப்பிட்ட நேரத்தில் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அது ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைத் தன் பங்குக்குக் கட்டி இரத்தத்துக்கு அனுப்புகிறது. குடலிலிருந்து வருவதும் ஈரலிலிருந்து வருவதும் ஒரே இலிப்பேசுக்கு முன்னால் காத்து நிற்க வேண்டியதாகிறது. காலையில் சாப்பிட்டது இறங்கி முடியுமுன் மதியச் சாப்பாடு வந்துவிடுகிறது. பருமனானவர்கள் பலரிடம் இதைக் காணலாம். ஆனால் எல்லாப் பருமனானவர்களிடமும் இல்லை. இடுப்பிலும் தொடையிலும் தோலுக்குக் கீழே தாராளமாக இடம் உள்ள சிலருக்கு, கொழுப்பு போக வேண்டிய இடத்துக்குப் போய்ப் படுத்துவிடுகிறது. எங்கள் தெற்காசிய உடம்புகளில் பலவற்றுக்கு அந்த இடம் குறைவு. கெதியில் நிரம்பி, மிஞ்சுவது ஈரலிலும் குடலைச் சுற்றியும் சதையியிலும் போய்ச் சேருகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளி நிற்கும் ஆணை எங்கள் ஊரில் எந்தத் தேத்தண்ணிக் கடை வாங்கிலும் பார்க்கலாமே. என் தம்பி அந்த வகை.

இது உலகத்துக்குப் புதிதாகத் தெரிந்த விடயமும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே, ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்க வேண்டாம், 23இலேயே கவனியுங்கள், 27.5 என்றால் ஆபத்து அதிகம் என்று சொல்லிவிட்டது. இடுப்புச் சுற்றளவில் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்ற எல்லையைச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வைத்திருக்கிறது. தம்பியின் இடுப்பை நான் பிறகு அளந்தேன். 94. அவருடைய கொப்பியில் இடுப்பளவுக்கு என்று ஒரு பெட்டி இருக்கிறது, ஒரு தடவையாவது அது நிரப்பப்படவில்லை. தையற்கடை அளவுநாடாவுக்கு டொலர் தட்டுப்பாடு கிடையாது.

அடுத்தது, நீங்கள் எல்லோர் கையிலும் கொடுக்கிற அந்த ஒற்றைத் தாள். "கொழுப்புணவு முற்றாகத் தவிர்க்கவும். தேங்காய், தேங்காய்ப்பால், முட்டை, இறைச்சி, பொரியல் தவிர்க்கவும்." ஒல்லிக்கும் அதுதான், பருமனுக்கும் அதுதான், பித்தப்பையில் கல் உள்ளவருக்கும் அதுதான்.

கொழுப்பைக் குறைக்கச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாப்பொருளிலும் புரதத்திலும் 4. செரிப்பதற்கே உடம்பு செலவழிக்கும் சக்தியைப் பார்த்தால், புரதத்துக்கு அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் போகிறது, கொழுப்புக்கு 3 சதவீதம்கூடப் போவது அரிது. 1995இல் அமெரிக்காவில் ஒன்பது மெலிந்த ஆண்களுக்கும் ஏழு பருமனான ஆண்களுக்கும் இரண்டு வாரம் தேவைக்கு மேல் பாதி மடங்கு கூட்டிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டியது மாப்பொருளாக இருந்தபோது உடம்பு எரிப்பதைக் கூட்டிக்கொண்டது, மிகையில் 75 முதல் 85 சதவீதம்தான் சேமிப்புக்குப் போனது. கூட்டியது கொழுப்பாக இருந்தபோது எரிப்பு பெரிதாக அசையவில்லை, 90 முதல் 95 சதவீதம் அப்படியே சேமிப்புக்குப் போய்விட்டது. அதனால் பின்னேரத்தில் கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த வடையையும் றோல்ஸையும் நான் இங்கே வக்காலத்து வாங்க வரவில்லை. தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் அளவு நிரம்பிய கொழுப்பு என்பதும் தெரியும். தேங்காய் எங்கள் உணவு என்பதற்காக அதைப் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டாம்.

என் கேள்வி "முற்றாக" என்று எழுதியிருப்பதைப் பற்றி.

என் மச்சாள் கிளினிக்குக்கு வந்தபோது 92 கிலோ. பத்துப் பேர் பார்க்க நிறுத்தி, பத்துப் பேர் கேட்க எடையைச் சொல்லி, "வாயைக் கட்டுங்க" என்று ஏசி, இந்தத் தாளைக் கொடுத்து அனுப்பினீர்கள். அவர் மானஸ்தி. வாயைக் கட்டியே விட்டார். காலையில் உப்புப் போட்ட குரக்கன் கஞ்சி, மதியம் அவித்த மரக்கறி, இரவில் வெறும் தேத்தண்ணி. எண்ணெய் ஒரு துளி இல்லை, சொதி இல்லை, மீனைக்கூட அவித்துத்தான். உடம்பு மளமளவென்று இறங்கியது. அடுத்த கிளினிக்கில் பாராட்டினீர்களாம். அப்புறம் ஏறாவூரில் ஒரு கலியாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட இரவு, வலது பக்க விலாவுக்குக் கீழே பிடித்த பிடியில் துடித்துப் போனார். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல்.

இதற்கும் கொழுப்புச் செரிப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பித்தம் ஈரலில் ஊறிப் பித்தப்பையில் சேர்ந்து நிற்கும். சிறுகுடலுக்குள் கொழுப்பும் ஓரளவுக்குப் புரதமும் வந்தால்தான் அங்கேயிருந்து கொலிசிஸ்ரோகைனின் என்ற ஓமோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும். அதே ஓமோன் சதையிக்கும் சைகை கொடுக்கும், இரைப்பை வெறுமையாவதைத் தாமதமாக்கும், போதும் என்ற உணர்வையும் மூளைக்கு அனுப்பும். கொழுப்பே வராவிட்டால் பித்தப்பை ஒழுங்காகச் சுருங்காது. பித்தம் தேங்கும். கூடவே உடம்பு வேகமாக மெலியும்போது கரைகிற கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரோல் பித்தத்தில் கூடுதலாகச் சேரும். தேக்கமும் செறிவும் சேர்ந்தால் கல். 1998இல் இத்தாலியில் பருமனான நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 3 கிராம் கொழுப்பும் மற்றதற்கு 12 கிராமும் உள்ள மெலிவுணவு கொடுத்தார்கள். 3 கிராம் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கல் வந்தது, 12 கிராம் பிரிவில் ஒருவருக்கும் வரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் சொல்வது தெளிவு. 12 கிராம் என்பது எவ்வளவு? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு மச்சாளுடைய தாளில் அனுமதிக்கப்பட்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அனுமதிக்கப்படவில்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன், தாள் என்னிடம் இருக்கிறது.

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது கொஞ்சம் கொழுப்பாகச் சாப்பிட்டாலும் வயிற்றோட்டம் என்கிறார். எடையும் பழையபடி ஏறிவிட்டது. கிளினிக்குக்கு வரச் சொன்னால், "அங்க போய் திரும்ப ஏச்சு வாங்கவா மனே?" என்று கேட்கிறார். சீனி மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்கிப் போடுகிறவர்களில் அவரும் ஒருவர். உங்கள் பதிவேட்டில் 'வரவு தராதவர்' என்று இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. விற்றமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உறிஞ்சப்படும். முருங்கையிலைச் சுண்டலில் தேங்காய்ப்பூப் போடுவதும் கீரைக்கு ஒரு பால் விடுவதும் எங்கள் அம்மாமார் ருசிக்காக மட்டும் செய்ததாக வைத்துக்கொண்டாலும், கீரையில் உள்ள கரோட்டின் உள்ளே போக அந்தக் கொஞ்சக் கொழுப்பு வேண்டும். "கீரை கூடச் சாப்பிடவும், தேங்காய் முற்றாகத் தவிர்க்கவும்" என்று ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினால் அது எந்தக் கணக்கு?

தாளில் இல்லாத ஒன்றுதான் எனக்கு மிகப் பெரிய குறை. சோறு. வெள்ளைச்சோற்றைப் பற்றி அரை வரி இல்லை. சீனி போட்ட தேத்தண்ணி பற்றி ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். தம்பி பொரியல் சாப்பிடுகிறவர் அல்ல. நெல் அவருடைய சொந்த நெல், குத்தித் தீட்டிய அரிசி, மூன்று வேளையும் கோப்பை நிறையச் சோறு அல்லது புட்டு, இடைக்கிடை சீனி போட்ட தேத்தண்ணி. கொழுப்பே சாப்பிடாதவருக்கு இரத்தத்தில் ஏன் இவ்வளவு கொழுப்பு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பதில் ஈரலில் இருக்கிறது. 2007இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளம் வயது ஒல்லியானவர்களையே எடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் இன்சுலினுக்குத் தசை ஒழுங்காக இசையாதவர்களுக்கு மாப்பொருள் நிறைந்த சாப்பாடு கொடுத்தபோது, தசைக்குப் போக வேண்டிய குளுக்கோசு ஈரலுக்குத் திரும்பி, ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுவது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் நடந்தது. இரத்தத்து ட்ரைகிளிசரைட் 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. எல்லோரும் ஒல்லியானவர்கள், சீனி வருத்தமும் இல்லாதவர்கள். இப்போது அதே உடம்புக்குச் சீனி வருத்தமும் வந்து, மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாமல் இருந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு என் தம்பியின் ரிப்போட் சாட்சி.

ஆகவே எண்ணெயை மட்டும் குற்றவாளி ஆக்கும் தாள், நெல் விளைகிற இந்த மண்ணில் ஒல்லியான விவசாயியைத் தப்பான பக்கம் பார்க்க வைக்கிறது. தேங்காயை விட்ட இடத்தில் அவர் என்ன வைக்கிறார்? இன்னொரு அகப்பை சோறுதான்.

வெறுவயிற்றுக் கதையையும் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரோல் சோதிக்க 12 மணித்தியாலம் சாப்பிடாமல் வா என்கிறீர்கள். படுவான்கரையிலிருந்து வருகிறவர் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து, வரிசையில் நின்று இரத்தம் கொடுக்கும்போது பகல் பத்து, பதினொரு மணி. அதற்குள் கை நடுங்கி, வேர்த்து, வாங்கில் சரிந்த சீனி நோயாளர்களை நீங்களே தூக்கிப் படுக்க வைத்திருக்கிறீர்கள். டென்மார்க்கில் 2009 முதல் வழக்கமான கொழுப்புச் சோதனைக்கு வெறுவயிறு கேட்பதில்லை. ஐரோப்பிய வைத்திய அமைப்புகள் சேர்ந்து 2016இல் அதையே பரிந்துரைத்தன. சாப்பிட்டபின் எடுத்த ட்ரைகிளிசரைட் 440ஐத் தாண்டினால் மட்டும் வெறுவயிற்றில் திருப்பி எடுத்துப் பார்க்கலாம் என்றன. மனிதர் ஒரு நாளில் பெரும்பாலான நேரம் சாப்பிட்டபின்தான் இருக்கிறார். கொழுப்பு இரத்தத்தில் எப்படி இறங்குகிறது, இறங்காமல் நிற்கிறதா என்பதும் அந்த நேரத்தில்தான் தெரியும்.

இவற்றைக் கேட்கிறேன்.

சுவரில் உள்ள அறிவித்தலைக் கழற்றுங்கள். சீனி வருத்தம் உள்ள எவருக்கும், ஒல்லியோ பருமனோ, வருடத்தில் ஒரு தடவையாவது ட்ரைகிளிசரைட் சேர்த்து முழுக் கொழுப்புச் சோதனை எழுதிக் கொடுங்கள். மற்றவர்களில் யாருக்கு முதலில் என்று தெரிவு செய்யத்தான் வேண்டுமென்றால், இடுப்பளவையும் குடும்பத்தில் மாரடைப்பு, சீனி வருத்தம் இருக்கிறதா என்பதையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். உடற்திணிவுச் சுட்டியையும் பார்ப்பதானால் 23 என்ற எல்லையை வையுங்கள். கொப்பியில் உள்ள இடுப்பளவுப் பெட்டியை ஒவ்வொருவருக்கும் நிரப்புங்கள். ட்ரைகிளிசரைட் 500க்கு மேல் வந்த எவருக்கும் அடுத்த கிளினிக் திகதி வரை ரிப்போட்டைக் கோவையில் போட்டு வைக்காமல், அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள்.

அந்த ஒற்றைத் தாளை மீளப் பெறுங்கள். புதிதாக எழுதும்போது "முற்றாக" என்பதை எடுத்துவிட்டு அளவு போடுங்கள்: எண்ணெய் எத்தனை கரண்டி, தேங்காய்ப்பால் எவ்வளவு, சோறு எத்தனை அகப்பை, புட்டு எவ்வளவு, மீன் எத்தனை துண்டு. வேகமாக மெலிவதால் பித்தப்பையில் கல் வரலாம் என்பதைப் பருமனானவர்களுக்குக் கொடுக்கும் தாளில் எழுதுங்கள். மெலிந்த சீனி நோயாளருக்கு வேறு தாள் வேண்டும். எழுதி முடித்ததும் அச்சடிக்குமுன் சமைக்கிற நாலைந்து பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். தமிழைத் திருத்திக் கொடுக்க நான் வருகிறேன், காசு வேண்டாம்.

எடை பார்க்கும் தராசை ஒரு மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் கொப்பியில் எழுதுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வெறுவயிற்றுக் கட்டாயத்தை நீக்குங்கள், அது முடியாதென்றால் அவர்களுக்காவது முதல் நம்பர்களை ஒதுக்குங்கள்.

இதற்கான பதிலை வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் அடுத்த கூட்டத்தில், எழுத்தில், திகதியோடு தாருங்கள். எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று தனித்தனியாக. கூட்டத்துக்கு நானும் வருவேன். தம்பியின் ரிப்போட்டுகளையும் மச்சாளின் ஸ்கேன் தாளையும் பிரதி எடுத்துக் குழுவிடம் கொடுப்பதற்கு இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்